கலம் ஊன்றும் தரை: குருத்துக்கலங்களை வழிநடத்தும் மேற்பரப்புகள்

'ஸ்டெம் செல்' என்ற சொல் எமது மக்களிடையே இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. முண்ணாண் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் பிள்ளையின் தாய், காலை இழந்த இளைஞர், எலும்பு பொருந்தாமல் பல தடவை சத்திரசிகிச்சைக்குப் போய்வந்தவர் என்று பலர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பிப்பவன் என்பதால் என்னிடமும் கேட்பார்கள். "சேர், அந்த ஊசியைப் போட்டால் நரம்பு திரும்ப வளருமாம், உண்மையோ?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. சிலர் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தையும் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இன்று இல்லை என்பதே சுருக்கமான பதில். ஏன் இல்லை என்று விளங்கிக்கொள்ள, ஊசிக்குள் இருக்கும் கலத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது போய் ஒட்டிக்கொள்ளும் தரையையும் பார்க்க வேண்டும். ஒரு கலம் எதன்மேல் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு அகலமாக விரிந்திருக்கிறது, அந்தத் தரை வழுவழுப்பானதா சொரசொரப்பானதா, மெதுமையானதா கடினமானதா என்பவை அக்கலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகிக்கின்றன. கடந்த 30 ஆண்டுகளில் விஞ்ஞானிகள் இதைப் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். கலங்களுக்கான தரையை வேண்டிய கோலத்தில் செதுக்குவது இன்று தனியொரு பொறியியல் துறையாகவே வளர்ந்துள்ளது. அத்துறை எதைக் கண்டது, அதில் எது மனித உடலுக்குள் வந்துவிட்டது, எது இன்னமும் ஆய்வுகூடத்திலேயே இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சொற்கள் பற்றி

எங்கள் ஊர்ப் பேச்சில் 'செல்' என்றால் வானத்தால் வந்து விழுவது. ஆகவே எமது பாடப்புத்தகங்களில் உள்ளபடி 'கலம்' என்றே எழுதுகிறேன். ஸ்டெம் செல்லைக் 'குருத்துக்கலம்' என்கிறேன். பனங்குருத்து இன்னும் விரியாத ஓலை. அது பாயாகுமா, பெட்டியாகுமா, நீற்றுப்பெட்டியாகுமா என்பது இனிமேல்தான் முடிவாகும். குருத்துக்கலமும் அப்படித்தான். இன்ன வேலைக்கு என்று இன்னமும் ஒதுக்கப்படாத கலம் அது.

குருத்துக்கலங்களில் பல வகை உண்டு. இக்கட்டுரையில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை 'மெசென்கைமல்' குருத்துக்கலங்களைப் பற்றியவை. இவை வளர்ந்தவர்களின் என்பு மச்சையிலும் கொழுப்பிழையத்திலும் இருக்கின்றன. தகுந்த சூழலில் இவை எலும்புக் கலமாகவோ, கசியிழையக் கலமாகவோ, கொழுப்புக் கலமாகவோ மாறக்கூடியவை.

கலம் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

உடலுக்குள் ஓர் உலோகத் தகட்டையோ பிளாஸ்டிக் துண்டையோ வைத்தால் கலம் நேராக அதன்மேல் வந்து ஒட்டுவதில்லை. இரத்தத்திலும் உடற்பாயங்களிலும் உள்ள புரதங்கள் முந்திக்கொண்டு சில கணங்களிலேயே அதன்மேல் படலமாகப் படிந்துவிடும். பிறகு வரும் கலம் அந்தப் புரதப் படலத்தையே தொட்டுப் பார்க்கிறது.

கலத்தின் மென்சவ்வில் 'இன்டகிரின்' என்ற புரதங்கள் இருக்கின்றன. கலத்துக்குக் கைபோல வேலை செய்பவை இவை. ஒவ்வொன்றின் தலையும் ஏறத்தாழ 10 நனோமீற்றர் அகலம். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றால் இவை எவ்வளவு சிறியவை என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். இந்தக் கைகள் பற்றிக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. 'பைப்ரோனெக்டின்' என்ற பெரிய புரதத்தில் ஆர்ஜினின், கிளைசீன், அஸ்பாற்றிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடமே கலம் பிடிக்கும் கொழுக்கி என்பதைப் பியேர்ஷ்பாக்கர், ருவோஸ்லாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்டார்கள். இது பெரிய திருப்பம். முழுப் புரதமும் தேவையில்லை, அந்த மூன்றெழுத்துக் கொழுக்கியை மட்டும் ஒரு பரப்பில் பதித்தாலே கலம் வந்து பிடிக்கும் என்றானது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது என்பதை மனிதன் வரைந்து காட்டும் வழி அதனால் திறந்தது.

தறப்பாளும் முளைகளும்

ஒட்டிய பிறகு நடப்பதை விளக்க எனக்குத் தறப்பாள் கொட்டிலைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. தறப்பாளை நாலாபுறமும் இழுத்து, தூரத் தூர முளையடித்துக் கட்டினால் அது விறைப்பாக நிற்கும். அதே தறப்பாளை அதே எண்ணிக்கையான முளைகளில், ஆனால் நெருக்கமாகக் கட்டினால் தொய்ந்து குவிந்துவிடும். கலத்தில் முளைகள் என்பவை இன்டகிரின்கள் கூட்டமாகச் சேர்ந்து பிடித்திருக்கும் இடங்கள். கயிறுகள் என்பவை கலத்துக்குள் ஓடும் 'அக்ரின்' இழைகள். அந்தக் கயிறுகளைக் கலம் தானே ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுவை எவ்வளவு என்ற செய்தி உள்ளே கரு வரைக்கும் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது 1997இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு. கிறிஸ்தோபர் சென், ஜோர்ஜ் வைட்சைட்ஸ், டொனால்ட் இங்பர் ஆகியோரின் குழு ஹார்வர்ட்டில் செய்தது. அவர்கள் எடுத்தவை குருத்துக்கலங்கள் அல்ல, இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்கள். கலம் பிடிக்கக்கூடிய புரதத்தைச் சிறு சிறு தீவுகளாகப் பதித்து, மற்ற இடமெல்லாம் கலம் ஒட்டாதபடி செய்தார்கள். பெரிய தீவில் விரிந்து படுத்த கலங்கள் உயிரோடிருந்து பெருகின. சின்னத் தீவில் ஒடுங்கிக் குந்தியிருந்த கலங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன.

தீவு பெரிதானால் பிடிக்கும் புரதமும் கூடத்தானே, அதனால் பிழைத்திருக்கலாம் அல்லவா என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். அதையும் அவர்கள் சோதித்தார்கள். ஒரே அளவு புரதத்தைப் பல சிறு புள்ளிகளாகப் பிரித்து, தூரத் தூரப் பதித்தார்கள். புள்ளிக்குப் புள்ளி எட்டிப் பிடித்து விரிந்த கலம் பிழைத்தது. பிடிக்கக் கிடைத்த புரதத்தின் அளவு மாறவில்லை, விரிவு மட்டுமே மாறியது. முளைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் இடைவெளியே முக்கியம் என்பது இதனால் உறுதியானது.

அதே சென்னுடன் மக்பெத் முதலானோர் 2004இல் இதை மனிதக் குருத்துக்கலங்களில் செய்து பார்த்தார்கள். பக்கம் 32 மைக்ரோமீற்றர் உள்ள சதுரம், அதாவது 1,024 சதுர மைக்ரோமீற்றர் பரப்பு ஒன்று. 10,000 சதுர மைக்ரோமீற்றர் பரப்பு மற்றொன்று. எலும்பாக மாறத் தூண்டும் பொருள்களும் கொழுப்பாக மாறத் தூண்டும் பொருள்களும் கலந்த ஒரே ஊட்டப்பாயத்தையே இரண்டுக்கும் கொடுத்தார்கள். ஒடுங்கியிருந்தவை கொழுப்புக் கலத்தின் பக்கமும், விரிந்திருந்தவை எலும்புக் கலத்தின் பக்கமும் போயின.

2010இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கிலியன், மிர்க்சிச் ஆகியோர் பரப்பளவை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றினார்கள். பூவிதழ்போல வெளிப்புறம் வளைந்த வடிவத்தில் வளர்ந்தவை கொழுப்பை நாடின. நட்சத்திரம்போலக் கூர்முனைகள் கொண்ட வடிவத்தில் வளர்ந்தவை எலும்பை நாடின. கூர்முனைகளில் இழுவை கூடுதல் என்பதே காரணம். கலத்தின் இழுவையைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது எலும்பை நாடுவதும் குறைந்துபோனது.

இந்தக் கோலங்களை எப்படிப் போடுகிறார்கள்?

கந்தோர்களில் பயன்படும் இறப்பர் முத்திரையே இதன் அடிப்படை. கணினிச் சில்லுகள் செய்யும் முறையில் முதலில் ஒரு சிலிக்கன் தகட்டில் ஒளியால் கோலத்தைப் பொறிப்பார்கள். அதன்மேல் இறப்பர் போன்ற சிலிக்கோன் பாயத்தை ஊற்றி இறுகவிட்டு உரித்தெடுத்தால் முத்திரை கிடைத்துவிடும். மைக்குப் பதிலாகப் புரதத்தையோ, புரதம் ஒட்டக்கூடிய இரசாயனத்தையோ தொட்டுப் பரப்பில் பதிப்பார்கள். மிச்ச இடத்தைப் 'பொலிஎதிலீன் கிளைக்கோல்' என்ற பொருளால் மூடிவிடுவார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் புரதமும் ஒட்டாது, கலமும் ஒட்டாது. வைட்சைட்ஸின் ஆய்வுகூடம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த முறை செலவு குறைந்தது என்பதால் உலகெங்கும் பரவியது.

இதைவிட நுண்ணிய கோலங்களுக்கு இலத்திரன் கற்றையால் செதுக்குவார்கள். ஜேர்மனியில் யோவாகிம் ஸ்பாற்ஸின் குழு பொன்னின் நுண்புள்ளிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கொழுக்கியை வைத்தது. புள்ளிகளுக்கிடையே 58 நனோமீற்றர் இடைவெளி இருந்தபோது கலம் நன்றாகப் பிடித்தது. 73 நனோமீற்றர் ஆனதும் பிடி தளர்ந்தது. பதினைந்து நனோமீற்றர் வித்தியாசத்தைக்கூடக் கலம் உணர்கிறது என்பதைப் படித்தபோது நான் மீண்டும் ஒருமுறை எண்களைச் சரிபார்த்தேன்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மத்தியூ டால்பியின் குழு 2007இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. 120 நனோமீற்றர் விட்டமும் 100 நனோமீற்றர் ஆழமும் கொண்ட குழிகளை, சராசரியாக 300 நனோமீற்றர் இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் பரப்பில் பதித்தார்கள். குழிகள் நேர்த்தியான சதுர வரிசையில் இருந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு குழியையும் அதன் இடத்திலிருந்து 50 நனோமீற்றர் வரைக்கும் அங்குமிங்கும் தள்ளி வைத்தபோது குருத்துக்கலங்கள் எலும்பை உண்டாக்கத் தொடங்கின. எலும்பாக்கும் இரசாயனம் எதையும் அவர்கள் சேர்க்கவில்லை. தரையின் சிறு ஒழுங்கீனமே போதுமாக இருந்தது. 2011இல் அதே குழு மறுபக்கத்தையும் காட்டியது. நேர்த்தியான வரிசையில் வளர்ந்த கலங்கள் எட்டு வாரங்கள் வரை குருத்துத்தன்மையை இழக்காமல் இருந்தன. ஒரே குழி, ஒரே ஆழம். அடுக்கும் விதம் மாறினால் ஒன்று குருத்தாகவே இருக்கிறது, மற்றது எலும்பாகிறது.

தரையின் கடினமும் இதேபோல் பேசுகிறது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எங்லர், டிஷ்ஷர் ஆகியோர் 2006இல் காட்டியது இது: மூளைபோல மெதுமையான, 0.1 முதல் 1 கிலோபஸ்கால் வரையிலான கூழ்மேல் குருத்துக்கலங்கள் நரம்புக் கலத்தின் சாயலை எடுத்தன. தசையளவு கடினமான 8 முதல் 17 வரையில் தசையின் சாயலையும், 25 முதல் 40 வரையில் எலும்பின் சாயலையும் எடுத்தன.

உடலுக்குள் எது வந்திருக்கிறது?

ஆய்வுகூடக் கிண்ணத்தில் நடப்பதெல்லாம் உடலில் நடந்துவிடாது. ஆனால் மேற்பரப்பைச் செதுக்கும் அறிவில் ஒரு பகுதி ஏற்கெனவே எலும்புச் சத்திரசிகிச்சையில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

சுவரில் இரண்டாவது பூச்சுப் பூசுமுன் மேசன் பழைய பூச்சைக் கொத்திவிடுவார். வழுவழுப்பான சுவரில் சீமெந்து பிடிக்காது. எலும்பும் அப்படித்தான். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரெனமார்க் 1950களில் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவி, எலும்போடு ஒன்றிப்போய்க் கழற்ற முடியாமல் இருந்ததைக் கண்டார். 1965இல் அந்த அறிவைப் பயன்படுத்தி முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செயற்கைப் பல்வேர்கள் பொருத்தினார். பின்னர் டைட்டானியத்தின் பரப்பை மணல் வீசியும் அமிலத்தால் அரித்தும் சொரசொரப்பாக்கினால் எலும்பு மேலும் நன்றாகப் பிடிக்கும் என்று தெரிந்தது. இன்றைய பல்வேர்களும் பல இடுப்பு மூட்டுகளும் அவ்வாறு பதப்படுத்தப்பட்டவையே.

கால் இழந்தவர்களுக்கு இதில் நேரடித் தொடர்புண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் பொருத்திவருவது போன்ற செயற்கைக்கால், எஞ்சிய காலை ஓர் உறைக்குள் விட்டு அணிவது. வெயிலில் வியர்த்து, தோல் உரஞ்சிப் புண்ணாகும் சிரமம் அணிபவர்களுக்குத் தெரியும். பிரெனமார்க்கின் மகன் றிக்கார்ட், தொடை எலும்புக்குள் டைட்டானியத் தண்டைப் பொருத்தி, அதன் முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, செயற்கைக்காலை நேராக அதில் பூட்டும் முறையை வளர்த்தார். முதல் நோயாளிக்கு 1990இல் சுவீடனில் இது செய்யப்பட்டது. அமெரிக்காவில் 2020இல் முழு அனுமதி கிடைத்தது. உறை தேவையில்லை, நடக்கும் தரையை எலும்பு வழியாக ஓரளவு உணரவும் முடியும். ஆனால் தண்டு வெளியே வரும் இடத்தில் தோல் முழுதாக மூடாது. அங்கு கிருமி தொற்றுவதே இம்முறையின் முதன்மைச் சிக்கல். செலவும் மிக அதிகம். ஆகவே ஜெய்ப்பூர்க்கால் பழையதாகிவிட்டது என்று யாரும் எண்ணத் தேவையில்லை.

கிருமிக்கும் தரை வேண்டும் என்பதை இங்கே மறக்கக்கூடாது. உள்ளே வைக்கும் தகட்டை உடற்கலம் முந்திப் பிடிக்கிறதா, பற்றீரியா முந்திப் பிடிக்கிறதா என்பதை 'மேற்பரப்புக்கான ஓட்டப்போட்டி' என்று 1987இல் அந்தனி கிறிஸ்ரினா விவரித்தார். பற்றீரியா முந்திவிட்டால் அது வழுவழுப்பான படலமொன்றைக் கட்டி அதற்குள் இருந்துகொள்ளும். நுண்ணுயிர்கொல்லி மருந்து அங்கே எளிதில் வேலை செய்யாது. தகடு வைத்த காயம் மாதக்கணக்கில் சீழ்வடிவதற்கும், கடைசியில் தகட்டையே கழற்ற வேண்டி வருவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். உடற்கலம் பிடிக்கவும் கிருமி வழுக்கவும் கூடிய கோலத்தைத் தேடுவது இன்றைய ஆய்வின் பெரிய பகுதி.

எங்களில் பலர் உடலுக்குள் செல் துண்டுகளோடு வாழ்கிறோம். நெடுநாளாக உள்ளே இருக்கும் துண்டைச் சுற்றி உடல் நாரிழையத்தால் ஓர் உறை கட்டிவிடுவது வழமை. அந்நியப் பொருளை ஒதுக்கி வைக்கும் உடலின் முறை அது. செயற்கை உறுப்பைச் செய்யும் பொறியியலாளர் போராடுவதும் இதே உறையோடுதான். உடல் ஒதுக்கி வைக்காமல் தன்னதாக ஏற்கும்படி ஒரு பரப்பைச் செய்வதே இத்துறையின் நோக்கம்.

நரம்பு?

நீளமான தடங்களைப் பிடித்துக்கொண்டு கலங்கள் ஊரும் என்பது பழைய அறிவு. றொஸ் ஹரிசன் 1910களிலேயே சிலந்தி வலை இழைகளின்மேல் கலங்களை வளர்த்து இதைக் கண்டார். கை, கால் நரம்பு அறுந்து சிறிய இடைவெளி விழுந்தால், இரு முனைகளையும் இணைக்கும் கொலாஜன் குழாய்கள் இன்று சில நாடுகளில் சத்திரசிகிச்சையில் பயன்படுகின்றன. அவற்றின் உட்சுவரில் நுண்தடங்களை வரைந்து நரம்பை வழிநடத்தும் முயற்சிகள் ஆய்வில் இருக்கின்றன.

முண்ணாண் வேறு கதை. அது காயப்பட்ட இடத்தில் வடு உருவாகும், வளரும் நரம்பைத் தடுக்கும் பொருள்களும் அங்கே சேரும். அந்தத் தரையைத் திருத்தாமல் கலத்தை மட்டும் கொண்டுபோய் விடுவது, களர் நிலத்தில் நல்ல விதைநெல்லை எறிவது போன்றது. நாளத்தில் ஏற்றும் மெசென்கைமல் கலங்களில் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிச் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன.

பயனில்லாமல் போவதோடு தீங்கும் வரலாம். பக்கவாதத்துக்காகச் சீனா, ஆர்ஜென்டினா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளில் குருத்துக்கல ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு முள்ளந்தண்டுக்குள் கட்டி வளர்ந்ததை 2016இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒவ் மெடிசின்' என்ற மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. கட்டியிலிருந்த கலங்கள் அவருடையவை அல்ல, அவருக்கு ஏற்றப்பட்டவை.

கேட்க வேண்டிய கேள்விகள்

எம்மவர் சிகிச்சைக்காக அதிகம் போகும் நாடு இந்தியா. அங்கே 2017இல் வெளியான தேசிய வழிகாட்டி, இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கு இரத்தக் குருத்துக்கலங்களை மாற்றி வைப்பதையே வழமையான சிகிச்சையாக ஏற்றது. மற்றவை ஆய்வு நிலையில் உள்ளவை, வணிகமாக விற்கக்கூடாதவை என்று அது சொல்கிறது. ஆகவே காணியை ஈடுவைத்து யாரும் புறப்படும் முன் இவற்றைக் கேளுங்கள்.

எந்தக் கலம், யாரிடமிருந்து எடுத்தது? அது உடலில் எங்கே போய்த் தங்கும், அங்கே ஒட்டி நிற்கும் என்பதற்கு என்ன சான்று? இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆய்வா? ஆய்வென்றால் எங்கே பதிவு செய்யப்பட்டது? முறையான ஆய்வில் பங்குபற்றுபவரிடம் பொதுவாகச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. ஒரே ஊசி முண்ணாண், நீரிழிவு, ஓட்டிசம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியமே சந்தேகப்படப் போதும். குணமானவர்களின் காணொளியை மட்டும் காட்டி, பக்கவிளைவு பற்றி வாய் திறக்காதவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். பதில்களை எழுத்தில் வாங்கி, உங்களுக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்க்கும் அரச வைத்தியசாலை நிபுணரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் சொல்வது நம்பிக்கையைக் கெடுக்க அல்ல. எலும்பு பிடிக்கும் டைட்டானியம் முயலிலிருந்து மனிதரின் தாடைக்கு வர ஏறத்தாழ பத்தாண்டுகளும், அங்கிருந்து தொடைக்கு வர இன்னும் 25 ஆண்டுகளும் எடுத்தன. குழிகளின் ஒழுங்கை மாற்றி எலும்பை வளர்த்த கிளாஸ்கோ ஆய்வுக்கு இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை. வேலை நடக்கிறது, அது மெதுவாகவே நடக்கும். அதுவரை உடற்பயிற்சி, படுக்கைப்புண் வராமல் காப்பது, சிறுநீர்த்தொற்றைக் கவனிப்பது, உறையைச் சரியாகப் பொருத்துவது போன்ற இன்று கையில் உள்ள பராமரிப்பை விட்டுவிடாதீர்கள். நாளை நல்லதொரு சிகிச்சை வந்தால், அதை ஏற்கும் நிலையில் இருக்கப்போவது இன்று பராமரிக்கப்படும் உடல்தான்.